ஒரு பிள்ளை, மூன்று ரிப்போர்ட்

1. உட்கார மறுத்தவர்

"ஒண்ணு சொல்லுங்க மேடம். ஒண்ணே ஒண்ணு. எது கரெக்டோ அத சொல்லுங்க. மீதிய இங்கயே கிழிச்சிப் போட்டுட்டுப் போறேன்."

சாம்ராஜ் எனக்கு இப்படித்தான் அறிமுகமானார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பெயரைக் கேட்டேன், சொல்லவில்லை. பிளாஸ்டிக் கவரிலிருந்து மூன்று ரிப்போர்ட்டை எடுத்து என் மேசைமேல் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி கலா. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் வேலை பார்ப்பவர். கம்பெனி கோட்டைக்கூடக் கழற்றாமல், அரை நாள் பர்மிஷன் போட்டுக்கொண்டு நேராக வேலூருக்கு பஸ் ஏறி வந்திருந்தார்.

அவர் கையைப் பிடித்திருந்த பிள்ளைதான் ஜெனி. ஐந்தரை வயது. பிடித்திருந்த கையை உருவிக்கொண்டு, என் அறையின் ஃபேன் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்து, தெரபி பந்தின்மேல் ஏறி, பொத்தென்று விழுந்து, அழாமல் எழுந்து, ஜன்னல் கம்பியை நாக்கால் தொட்டுப் பார்த்தாள். இவ்வளவும் அவள் அப்பா அடுத்த வார்த்தை பேசுவதற்குள் நடந்துவிட்டது. எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது. அவள் அப்பாவைப் பிடிக்கக் கொஞ்ச நாள் ஆனது.

நான் ஆஸ்பத்திரி ஒன்றின் குழந்தை வளர்ச்சிப் பிரிவில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். பிள்ளைகளுக்கு உட்கார, எழுத, பட்டன் போட, சாப்பிட, விளையாடக் கற்றுத் தருவது என் வேலை. அதோடு ஸ்கிரீனிங் கேம்புக்கும் போவேன். ஆம்பூர், பேர்ணாம்பட்டு, குடியாத்தம் என்று இந்தப் பக்கத்து ஊர்களில் நான் மிதிக்காத பால்வாடி கம்மி. ஸ்கிரீனிங் என்பது சல்லடை. இந்தப் பிள்ளைக்கு இன்ன பிரச்சினை என்று அது சொல்லாது. இந்தப் பிள்ளையை இன்னும் கொஞ்சம் உட்காரவைத்துப் பாருங்கள் என்று மட்டும்தான் சொல்லும். பிறகு டாக்டர், சைக்காலஜிஸ்ட், ஸ்பீச் தெரபிஸ்ட், நான் என்று எல்லோரும் சேர்ந்து பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

ஜெனியை மூன்று இடத்தில் பார்த்திருந்தார்கள். மூன்றும் வேறு வேறு இடம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்ததாகத் தெரியவில்லை. முதல் ரிப்போர்ட்டில் காது நன்றாக இருக்கிறது, பேச்சு மட்டும் தாமதம் என்று இருந்தது. இரண்டாவதில் ஏ.டி.எச்.டி., அதாவது கவனம் நிலைக்காமல் துள்ளிக்கொண்டே இருப்பது. மூன்றாவதில் ஆட்டிசம்.

"மூணு எடத்துல மூணு சொல்றாங்க. அப்ப ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியலன்னுதான மேடம் அர்த்தம்?" என்றார் சாம்ராஜ்.

"அப்படி இல்ல..." என்று ஆரம்பித்தேன்.

"இருங்க. அந்த மூணாவது எடத்துல கேட்டாங்க, புள்ள சாமான வரிசையா அடுக்குதான்னு. அடுக்கும்னேன். ஒடனே ஆட்டிசம்னுட்டாங்க. எங்க தெருவுக்கு வந்து பாருங்க, எந்தப் புள்ள அடுக்கல? அப்ப தெருவுக்கே ஆட்டிசமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்குக் கோபம் இன்னும் ஏறியது. ஆனால் நான் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை, எங்களை நினைத்துத்தான் சிரித்தேன்.

ஆம்பூர் தெருக்களில் பல வீடுகளில் ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்துக் கொடுக்கிறார்கள். அப்பர் என்பார்கள். மூட்டை மூட்டையாக வரும். அம்மா தைக்கத் தைக்க, பிள்ளைகள் லெஃப்ட், ரைட், சைஸ் பார்த்து ஜோடி சேர்த்து வரிசையாக அடுக்கும். நடக்கத் தெரிந்த பிள்ளை எல்லாம் அடுக்கும். எங்கள் முதல் கேம்பில் இதை யோசிக்காமல், சாமான்களை வரிசையாக அடுக்குகிறதா என்ற கேள்வியைக் கேட்டோம். ஒரு தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு 'ஆமாம்' வந்தது. வேனில் திரும்பும்போது தண்ணீரில் ஏதாவது கலந்திருக்குமோ என்று ஒரே வாக்குவாதம். மறுநாள் ஒரு தாயிடம் மெதுவாக விசாரித்தபோது, "அடுக்கலன்னா முதுகுல ஒண்ணு விழும் மேடம், அதான் அடுக்குது" என்றார். அன்றிலிருந்து நாங்கள் கேள்வியை மாற்றிவிட்டோம். யாரும் சொல்லாமல் தானாக எதை அடுக்குகிறது, அதில் ஒன்றை நகர்த்திவிட்டால் என்ன செய்கிறது என்று கேட்போம்.

அதையே கலாவிடம் கேட்டேன்.

"பக்கத்து வீட்ல அப்பர குடுத்தா வீசிட்டு ஓடும் மேடம். அதுக்கு பாட்டில் மூடிதான் வேணும். கட்டிலுக்கு அடியில வச்சிருக்கு. துடைக்கும்போது ஒண்ணு நவுந்துட்டா அன்னிக்கு பூரா அழுகதான். சோறு கூட எறங்காது."

சாம்ராஜ் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு இது புதுச் செய்தி போலிருந்தது. அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

2. நான் சொன்ன உதாரணம்

அடுத்தடுத்து சில தடவை ஜெனியை வரவழைத்தோம். அவளுக்கு வேண்டியதை விரலால் காட்டமாட்டாள். என் மணிக்கட்டைப் பிடித்து, என் கையை ஒரு கரண்டி மாதிரி இழுத்துக்கொண்டுபோய் அலமாரியில் வைப்பாள். டி.வி. விளம்பரத்தில் வரும் வாக்கியத்தை அப்படியே ஏற்ற இறக்கத்தோடு சொல்வாள், ஆனால் தண்ணீர் வேண்டும் என்று கேட்கத் தெரியாது. ஒரு இடத்தில் நிற்கமாட்டாள். ஒரு பொம்மையை எடுத்து, அதைப் போட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவி, அதையும் மறந்துவிடுவாள். இதெல்லாம் போக, பட்டன் போட வராது, இரண்டு காலையும் ஒரே படியில் வைத்துத்தான் இறங்குவாள், சும்மா நடக்கும்போதே தடுக்கி விழுவாள். முழங்கால் முழுக்கத் தழும்பு. அதை மூன்று ரிப்போர்ட்டில் ஒன்றுகூடக் கவனிக்கவில்லை.

ஆக, மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் ஒரு பக்கத்தைப் பார்த்திருந்தார்கள். ஆட்டிசமும் இருந்தது, ஏ.டி.எச்.டி.யும் இருந்தது, கை கால் ஒத்துழைக்காத சிரமமும் இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஆட்டிசம் என்று எழுதினால் ஏ.டி.எச்.டி. என்று கூடவே எழுதக் கூடாது என்று பாடம். பிள்ளைகள் அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை. இரண்டையும் சேர்த்துக்கொண்டே எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். பிறகு பாடத்தை மாற்றினார்கள். இப்போது நாங்களே தேடுகிறோம், ஒன்று இருந்தால் பக்கத்தில் இன்னொன்று ஒட்டிக்கொண்டு இருக்கிறதா என்று.

இதைப் பெற்றோருக்கு விளக்கும் பொறுப்பை டாக்டர் என்னிடம் விட்டார். "நீங்க இந்த ஊர்க்காரங்க, அவங்களுக்குப் புரியற மாதிரி சொல்வீங்க" என்றார். எனக்கு அது கொஞ்சம் தலைக்கேறிவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

சாம்ராஜ் ஒரு டேனரியில் செலக்‌ஷன் மேசையில் நிற்பவர். ஃபினிஷிங் முடிந்து வரும் தோலை விரித்து, கையால் தடவி, வெளிச்சத்தில் பிடித்து, இது இந்தத் தரம், அது அந்தத் தரம் என்று பிரிப்பவர். நல்ல உதாரணம் மாட்டியது என்று நினைத்துக்கொண்டு சொன்னேன்.

"சாம்ராஜ், ஒரே தோல்ல உண்ணி கடிச்ச தழும்பும் இருக்கும், முள்ளு கீறினதும் இருக்கும், உரிக்கும்போது கத்தி பட்டதும் இருக்கும் இல்ல? ஒண்ணு இருக்குன்னு இன்னொண்ணு இல்லாம போகுமா? அது மாதிரிதான்."

நான் சொன்னது புரிந்துவிட்டது என்று மனதுக்குள் முதுகைத் தட்டிக்கொண்டேன்.

"அப்படி மூணும் ஒரே தோல்ல இருந்தா நாங்க இன்னா செய்வோம் தெரியுமா மேடம்?" என்று கேட்டார்.

"என்ன செய்வீங்க?"

"ரிஜெக்ட்னு தள்ளி வச்சிடுவோம்." எழுந்துவிட்டார். "எம் பொண்ணு தோல் இல்ல மேடம்."

கதவு அடித்துக்கொண்டு மூடியது. எனக்கு என் நாக்கைப் பிடுங்கிப் போடலாம் போல் இருந்தது. உதாரணம் சொல்வதற்கு எவ்வளவோ இருக்க, அந்த மனிதர் நாள் முழுக்கக் கழித்துக்கட்டுகிற பொருளைப் போய் எடுத்தேனே!

கலா ஜெனியின் செருப்பை மாட்டிவிட்டுக்கொண்டே சொன்னார்: "அவர தப்பா எடுத்துக்காதீங்க மேடம். ரொம்ப பேஜார்ல இருக்காரு. ஏ.டி.எச்.டி.ன்னு சொன்னப்பகூட, வாலு புள்ளதான, இருந்துட்டுப் போவட்டும்னாரு. ஆட்டிசம்னதும்தான் ஒடஞ்சிட்டாரு. போன்ல எவனோ ஒரு வீடியோவுல சொன்னானாம், அந்த மாதிரி புள்ளைங்களுக்கு பாசமே இருக்காது, அப்பா அம்மான்னே தெரியாதுன்னு. அதப் பாத்துட்டு அரக்கோணம் பக்கம் ஒரு ஹாஸ்டல்ல பேசி வச்சிருக்காரு. வர்ற திங்கக்கெழம கொண்டுபோய் உட்றதா இருக்காரு."

"ஹாஸ்டல்லயா? இந்த வயசுலயா?"

"நான் கேட்டேன் மேடம். அதுக்கு அவரு, 'நம்மளத் தெரியாத புள்ளைக்கு எங்க இருந்தா இன்னா? அங்க டிரெய்னிங்காவது குடுப்பாங்க'ன்றாரு." கலா கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. அப்படியே வழிந்தது. "அது பக்கத்துல இல்லாம எனக்கு தூக்கம் வராது மேடம். அத எப்படி நான் அவருகிட்ட சொல்றது? அவருக்கும் வராதே. ஆனா ஒத்துக்கமாட்டாரு."

எல்லா இடத்தையும் குறை சொல்ல நான் வரவில்லை. ஹாஸ்டல் தேவைப்படுகிற பிள்ளைகளும் உண்டு. ஆனால் ஜெனி அந்தப் பிள்ளை இல்லை. ஜூன் மாதம் தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில் உட்கார வேண்டியவள். பாசம் இல்லாத பிள்ளை என்ற ஒரு பொய்க்காக அவளைக் கொண்டுபோய் விடுவதை நினைக்க எனக்குப் பொறுக்கவில்லை.

"சனிக்கிழம சாயங்காலம் வீட்டுக்கு வர்றேன். அவர்கிட்ட சொல்லிடும்மா" என்றேன்.

"திட்டுவாரு மேடம்."

"திட்டட்டும். நானும் திட்டுவேன்."

3. கட்டிலுக்கு அடியில்

ஒற்றை அறை, ஒட்டினாற்போல் சமையல் கட்டு, பின்னால் குளிக்கிற இடம். நான் போனபோது ஜெனி கட்டிலுக்கு அடியில் இருந்தாள். நீலம், வெள்ளை, மறுபடி நீலம் என்று பாட்டில் மூடிகள். நானும் தரையில் படுத்து உள்ளே எட்டிப் பார்த்தேன். இந்த வயதில் என் முழங்கால் அதற்கு ஒத்துக்கொள்ளாது, ஆனாலும் படுத்தேன். என்னைப் பார்க்காமலே ஒரு வெள்ளை மூடியை என் பக்கம் தள்ளினாள். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த நல்ல வரவேற்புகளில் அதுவும் ஒன்று.

கலா டீ போட்டுக்கொண்டிருந்தார். வெளியே பைக் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. சாம்ராஜ் வாசலில் கால் வைத்தார். அவ்வளவுதான், ஜெனி வீல் என்று கத்திக்கொண்டு வெளியே பாய்ந்து, தலையைக் கட்டிலில் இடித்துக்கொண்டு, சமையல் கட்டில் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் போய் ஒளிந்தாள்.

"பாத்துட்டீங்களா மேடம்?" சாம்ராஜ் உள்ளே வரவில்லை. வாசற்படியிலேயே தெருவைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். "எப்ப வந்தாலும் இதுதான். பெத்த அப்பனக் கண்டு பேயப் பாத்த மாதிரி ஓட்ற புள்ள. அதனாலதான் நான் தோஸ்துங்ககூட டீக்கடையில உக்காந்துட்டு, அது தூங்கினப்பறம் வர்றேன். இன்னிக்கு நீங்க வர்றதா சொன்னாளேன்னு சீக்கிரம் வந்தேன். எனக்கு ஆயிரம் உதாரணம் சொல்லுங்க. இத இன்னான்னு சொல்வீங்க?"

நான் ஜெனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயந்த பிள்ளை கண்ணை மூடும். சத்தம் தாங்காத பிள்ளை காதைப் பொத்தும். இவள் இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

மூக்கு!

அப்போதுதான் நான் வாசல் பக்கம் திரும்பி வேண்டுமென்றே மூச்சை இழுத்தேன். ஸ்பிரே அடித்த தோலின் வாடை, கெமிக்கல், வியர்வை எல்லாம் சேர்ந்து அவர் சட்டையிலிருந்து வந்தது. ஆஸ்பத்திரிக்கு அவர் துவைத்த சட்டையில் வருவார், அங்கே இவள் ஒருநாளும் அவரைக் கண்டு ஓடியதில்லை. இந்த ஊர்ப்பக்கம் பிறந்த எங்கள் யாருக்கும் அது வாடையாகவே தெரியாது. வெளியூர்க்காரர்கள் பஸ்ஸில் கைக்குட்டையை எடுத்தால் சிரிப்போம். எங்கள் ஸ்கிரீனிங்கில் வாசனை பற்றி ஒரு கேள்வி இருக்கிறது. பிள்ளை ஏதாவது வாடைக்கு முகம் சுளிக்கிறதா என்று நான் கலாவிடம் கேட்டேன். "வீட்ல ஒரு வாடையும் இல்ல மேடம்" என்றார். நானும் தலையாட்டிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனேன். கேட்டவளும் ஆம்பூர் மூக்கு, பதில் சொன்னவரும் ஆம்பூர் மூக்கு.

"சாம்ராஜ், எழுந்து போய்க் குளிங்க."

"இன்னாது?"

"குளிங்க. தலைக்கும் சேத்து. சோப்பு நல்லாப் போடுங்க. இந்தச் சட்டையும் பேண்ட்டும் வீட்டுக்குள்ள வரக் கூடாது, வெளியிலயே கழட்டிப் போடுங்க."

"மேடம், நான் டெய்லி குளிக்கிறவன்தான். ராத்திரி படுக்கறதுக்கு முன்னால..."

"ராத்திரி அவ தூங்கறா. இப்ப போங்க."

ஆஸ்பத்திரியில் ஜூனியர்களை அதட்டுகிற குரல் எனக்குத் தானாகவே வந்துவிட்டது. அவருக்கு என்ன தோன்றியதோ, முணுமுணுத்துக்கொண்டே வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார். கலா துவைத்த குடியாத்தம் லுங்கியையும் பனியனையும் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். உள்ளே மொண்டு ஊற்றுகிற சத்தம் கேட்டது. கோபத்தோடு குளிக்கிறார் என்பது அந்தச் சத்தத்திலேயே தெரிந்தது.

தலை சொட்டச் சொட்ட வந்தவரைத் தரையில் உட்காரச் சொன்னேன். "சுவத்தப் பாத்து உக்காருங்க. அவளக் கூப்பிடாதீங்க. கைய நீட்டாதீங்க. திரும்பிப் பாக்காதீங்க."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல. சும்மா இருங்க."

கிளாஸில் தண்டனை கிடைத்த பையன் போல உட்கார்ந்தார். கலா டீயைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். ஜெனி வெளியே வரவில்லை என்றால் திங்கட்கிழமை அரக்கோணத்து ரயிலை நானே உறுதி செய்து கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

டிரம்முக்குப் பின்னாலிருந்து முதலில் தலை வந்தது. மூக்கிலிருந்து ஒரு கை இறங்கியது. பிறகு மறு கை. ஜெனி சுவரை ஒட்டிக்கொண்டே வந்து, அப்பாவைச் சுற்றி நடந்தாள். குனிந்து அவர் தோளை முகர்ந்தாள். பின்கழுத்தை முகர்ந்தாள். ஈரத் தலையில் மூக்கை வைத்து இழுத்தாள். பிறகு கட்டிலுக்கு அடியில் போய் மூடிகளை அள்ளிக்கொண்டு வந்து, திரும்பி, அவர் முதுகோடு தன் முதுகை நன்றாகச் சாய்த்து உட்கார்ந்துகொண்டு அடுக்க ஆரம்பித்தாள்.

மடியில் ஏறவில்லை, கழுத்தைக் கட்டிக்கொள்ளவில்லை. முதுகும் முதுகும்தான். ஆனால் முழு பாரத்தையும் அவர்மேல் போட்டிருந்தாள்.

சாம்ராஜ் ஆடவில்லை, அசையவில்லை. சற்று நேரம் கழித்து ரகசியமாகக் கேட்டார், "மேடம், திரும்பலாமா?"

"திரும்பாதீங்க."

"அழுவலாமா?"

"அது உங்க இஷ்டம்."

அழுதார். முதுகு குலுங்கக் கூடாதே என்று அடக்கிக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதார். கலா டீயைக் கீழே வைத்துவிட்டு சமையல் கட்டுக்குள் போய்விட்டார். என் கண்ணும் சும்மா இருக்கவில்லை, அதை ஏன் மறைக்க வேண்டும்?

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி இது: "அப்ப ஆட்டிசம் இல்லதான மேடம்?"

இந்தக் கேள்விக்கு அந்த நிமிடத்தில் 'இல்லை' என்று சொல்லத் தோன்றாத தெரபிஸ்ட் இருந்தால் அவருக்கு மனசு கல். எனக்கும் தோன்றியது. ஆனால் சொல்ல முடியாது.

"இருக்கு சாம்ராஜ். வாடை இவ்வளவு ஜாஸ்தியா தெரியறதே அதனாலதான். ஆட்டிசமும் இருக்கு, உங்கமேல பாசமும் இருக்கு. ரெண்டும் சேந்து இருக்கக் கூடாதுன்னு எவன் சொன்னான்?"

"அந்த வீடியோல..."

"அவன என்கிட்ட கூட்டிட்டு வாங்க, நான் பேசிக்கறேன்."

அழுகைக்கு நடுவில் சிரித்தார். பிறகு கையை மெதுவாக நீட்டி, முதுகை நகர்த்தாமல், கட்டில்மேல் இருந்த போனை எடுத்தார். நம்பரைத் தேடி அடித்தார். "சார், ஆம்பூர்லருந்து சாம்ராஜ் பேசறேன். திங்கக்கெழம பாப்பாவ கொண்டாறதா சொல்லியிருந்தேனே, வரல சார்... இல்ல சார், ஒடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல... இல்ல, அப்புறமாவும் வரல." போனை வைத்துவிட்டு மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். நான் ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். அவர் எழுந்து வழியனுப்பவில்லை, எழுந்திருக்க முடியாத நிலையில் இருந்தார்.

4. பள்ளிக்கூடத்தில்

அதன்பிறகு சாம்ராஜ் தெரபிக்கு ஒரு வாரம்கூடத் தப்பவில்லை. நான் சொல்லிக்கொடுப்பதைத் தட்டித் தடுமாறிக் கற்றுக்கொண்டார். கேள்வி கேட்டே என் உயிரை எடுத்தார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

தலைமையாசிரியை நல்ல மாதிரி. ஆனால் அட்மிஷன் நேரத்து அலுப்பு அவர் முகத்தில் தெரிந்தது. ஜெனி நாற்காலிகளைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பாப்பாவுக்கு என்ன பிராப்ளம்? ஒரு வார்த்தையில சொல்லுங்க, டீச்சர்கிட்ட சொல்லி வைக்கணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் சாம்ராஜ் சொன்னார்: "ஒரு வார்த்தையில வராது டீச்சர். மூணு இருக்கு. ஆட்டிசம் இருக்கு, ஏ.டி.எச்.டி. இருக்கு, கை கால் சொன்ன பேச்சு கேக்காது. ஆட்டிசத்தாலதான் பேச்சும் லேட்டு. கூட்டத்தோட சேத்து சொன்னா காதுல வாங்காது. கிட்டப் போய், முன்னால குனிஞ்சி சொன்னா செய்யும். ரொம்ப ஓடினா ரெண்டு சாக்பீஸ் டப்பாவ குடுத்து பக்கத்து கிளாஸ்ல வச்சிட்டு வரச் சொல்லுங்க, அடங்கிடும். பட்டன் வச்ச சட்டைக்குப் பதிலா ஒட்டற மாதிரி தச்சிக்கறோம். சென்ட்டு போட்டுட்டு கிட்ட போவாதீங்க. வேற தொந்தரவு இல்ல."

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். சும்மா இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

"சமாளிக்க முடியுமான்னு தெரியலங்களே" என்றார்.

"எங்களுக்கும் தெரியாது டீச்சர். டெய்லி கத்துக்கறோம். நீங்களும் கத்துக்கலாம்."

அதை மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை, கெஞ்சிக்கொண்டும் சொல்லவில்லை. தலைமையாசிரியை யோசித்துவிட்டு, பதினைந்து நாளைக்கு ஒருமுறை நான் வந்து டீச்சரோடு பேச வேண்டும் என்ற நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். ஒன்றைக் கண்டுபிடித்ததும் தேடலை நிறுத்தாதீர்கள், பக்கத்தில் இன்னொன்று இருக்கும். கண்டுபிடித்ததைச் சொல்லும்போது, அந்த வார்த்தை பெற்றவர்கள் காதில் என்னவாக விழுகிறது என்று முதலில் கேளுங்கள். சாம்ராஜ் மூன்று பெயரைக் கண்டு பயப்படவில்லை. மகளுக்குத் தன்னைத் தெரியாது என்ற ஒன்றுக்குத்தான் பயந்தார். நாங்கள் அவருக்கு எல்லாவற்றையும் விளக்கினோம், அதை மட்டும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை நானும் போயிருந்தேன். வாசலில் ஒரே அழுகை. பிள்ளைகள் அம்மாவின் புடவையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டும், டீச்சர் கையில் திமிறிக்கொண்டும், உள்ளே போனபிறகும் திரும்பித் திரும்பிப் பார்த்து அழுதுகொண்டும் இருந்தார்கள். ஜெனி புதுச் சட்டையோடு, பையை மாட்டிக்கொண்டு, கேட்டைத் தாண்டி நேராக நடந்து வகுப்புக்குள் போய்விட்டாள்.

சாம்ராஜ் அவள் போன கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். "மத்த புள்ளைங்கல்லாம் எத்தன தரம் திரும்பிப் பாக்குதுங்க. நம்ம பொண்ணு ஒரு தரம்கூடத் திரும்பல மேடம்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"தெரியும். இதுவும் உங்க ஸ்கிரீனிங் கேள்வியில ஒண்ணா இருக்கும்" என்றார்.

"இருக்கு."

"இன்னிக்கு ஒரு நாளு அத எழுதாதீங்க மேடம். பாப்பாவுக்கு ஸ்கூலு புடிச்சிருக்குன்னு எழுதிக்கோங்க."

அப்படியே எழுதிக்கொண்டேன்.